ரெண்டே சீட்டு

"ரெண்டே சீட்டு மச்சான். ஒன்னு அவனுக்கு. இன்னொன்னு யாருக்குன்னு உங்க புள்ளையக் கேளுங்க."

உத்திராபதி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர் சுப்பராயலு வழக்கம்போல பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் டிரைவர் வேலை பார்த்துவிட்டுக் கடலூர் திரும்பிய இளவரசு, புதுச்சேரியில் யாரோ விற்கிற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறான். தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உத்திராபதிக்குக் காரைவிட அதுதான் ஜாஸ்தி உறுத்தியது.

"ஏண்டா, குடும்பத்துக்கு ஆவற வண்டியா அது? தரையோட தரையா கெடக்குது. ஆலப்பாக்கம் ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்துனா அடிவயிறு தட்டும்."

"மெதுவா ஏத்துவேன் மாமா."

"மெதுவா போறதுக்கு எதுக்குடா ஸ்போர்ட்ஸ் காரு?"

இளவரசு சிரித்தான். பதில் சொல்லாமல் சிரிப்பது அவனுக்கு அப்பா வழிச் சொத்து.

"அதே காசுக்கு ஏழு பேரு போற வண்டி வாங்கலாம். ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல உன் தங்கச்சிக்கு வளைகாப்பு. நாங்கல்லாம் வேன்ல இடிச்சிக்கிட்டுப் போவோம். நீ மட்டும் தனியா ஜாலியா வருவ, அதானே?"

"தனியா வரல மாமா."

"கேட்டீங்களா மச்சான்? தனியா வரலியாம்."

பேப்பர் லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

காபியோடு வந்த அமராவதியிடம் திரும்பினார் உத்திராபதி. "அக்கா, நீயாவது கேளேன்."

"ஆசப்படுறான், வாங்கிட்டுப் போறான். விடுடா தம்பி."

"உனக்கென்ன, நீயா வரப்போற?"

அதுவும் சரிதான். அமராவதிக்கு மூடிய வண்டி ஆகாது. பஸ்ஸோ காரோ, ஏறிக் கொஞ்ச நேரத்தில் குமட்டும். ஊருக்குக் கிளம்பினால் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்து மோந்துகொண்டே போவாள். கடலூருக்குள்ளேயே இருக்கிற மஞ்சக்குப்பம் தாண்டுவதற்குள் பழம் தோற்றுவிடும். தம்பியின் புதுக் காரில் அவள் வாந்தி எடுத்த கதையை உத்திராபதி போகிற விசேஷ வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அமராவதியும் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

அமராவதியின் மகள் வெண்மதிக்குச் சிதம்பரத்துக்குச் சீர்வரிசை கொண்டுபோனபோது உத்திராபதிதான் ஒரு யோசனை சொன்னார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அக்காவைக் குட்டியானை லோடு வண்டியின் பின்னால், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார வைத்தார். முட்டி வலிக்காரியை ஸ்டூல் போட்டு, இரண்டு பேர் தள்ளி ஏற்றினார்கள். அங்கே போய் இறக்கியதைச் சம்பந்தி வீட்டார் வாசலில் வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரோ செல்போனில் படம்கூட எடுத்தார்கள்.

அன்றைக்கு அமராவதி விருந்தில் கை நனைக்கவில்லை. வெண்மதி அழுதுவிட்டாள்.

"இந்த வாட்டி நான் வரல. போன்ல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அமராவதி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெற்ற மகளுக்கு முதல் வளையல் போட அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் வேன் நின்றது. இளவரசு சொன்னான் என்பதற்காக அமராவதி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வீடியோ காலில் சம்பந்தி பார்ப்பார்களாம்.

தெருமுனையில் ஒரு உறுமல் கேட்டது. மஞ்சள் நிறக் கார் வந்து வேனுக்குப் பக்கத்தில், அதன் இடுப்பளவுகூட இல்லாமல் நின்றது.

"வாங்குனது தப்பு. அதுக்காகப் பூச போடாம ஓட்டக்கூடாது" என்றார் உத்திராபதி. திட்டிக்கொண்டே நான்கு எலுமிச்சம்பழம் வாங்கிவரவும் அவரால் முடியும். சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கக் குனிந்தவர் கையிலிருந்து ஒரு பழம் உருண்டு சாக்கடையில் விழுந்தது.

"பாத்தியாடா, சகுனமே சரியில்ல."

இளவரசு ஏதோ பட்டனை அழுத்தினான். காரின் கூரை மெல்ல எழுந்து, மடிந்து, பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டது. மேலே ஒன்றுமில்லை. வெறும் ஆகாயம்.

அவன் இறங்கிச் சுற்றி வந்து அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"அம்மா, ஏறு."

அமராவதி வண்டி என்றதும் பழக்கதோஷத்தில் உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஸ்டூலு வேணாமாடா?"

"வேணாம்மா. சும்மா உக்காரு. தரையோட தரையாதான இருக்கு."

உட்கார்ந்தாள். யாரும் தள்ளவில்லை. காற்று வந்து அவள் தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூவைத் தொட்டது.

சுப்பராயலு பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மச்சானிடம் வந்தார்.

"ரெண்டாவது சீட்டு யாருக்குன்னு கேக்கச் சொன்னியே."

உத்திராபதி கடைசிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், வைக்கப் பழம் இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அமராவதி கதவுக்கு வெளியே கையை நீட்டி விரலைப் பிரித்தாள்.

"இந்தாடா தம்பி, இத வையி. எனக்கு இனிமே வேணாம்."