எச் வரிசையின் ஒற்றை ஓட்டு

மேட்னி முடிந்து காலியாகிவிட்ட தியேட்டரில் ஓர் எலியும் பல்லியும் மூட்டைப்பூச்சியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. போன பத்து வருஷத்தில் வந்த படங்களில் எது ஒசத்தி என்பதுதான் தகராறு.

"போலீஸ் படம்தான்!" என்றது எலி. "நூறு நாள் ஓடிச்சு. சண்டை வர்றப்பல்லாம் பாப்கார்ன் மழையாக் கொட்டுச்சு. நான் ஒரு சுத்து பெருத்ததே அப்பத்தான்."

"அதேதான்," என்றது பல்லி. "பாட்டு வந்தா திரை பளபளன்னு மின்னும். பூச்சி தானா வந்து விழும்."

எச் வரிசை நாற்காலியின் கிழிசலிலிருந்து மூட்டைப்பூச்சி தலையை நீட்டியது. அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிழிச்சது! தண்ணி லாரி டிரைவர் படத்துக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு படமா?"

எலி விழுந்து விழுந்து சிரித்தது. "அதை நாலாம் நாளே தூக்கிட்டாங்க. ஒரு ஆட்டத்துக்குப் பதினோரு பேரு வந்தாலே பெரிசு."

"வந்தவன் ஒருத்தன்கூட இண்டர்வலுக்கு எழுந்திரிக்கல, தெரியுமா?"

"ரெண்டு ஓட்டு போலீசுக்கு. ஒத்துக்கோ, இல்லேன்னா இந்த வரிசையைக் காலி பண்ணு," என்று எலி பல்லைக் காட்டியது.

"காலியும் பண்ண மாட்டேன், ஒத்துக்கவும் மாட்டேன். உன் போலீஸ் படத்துக்கு நூறு நாளும் மூக்கு முட்டக் குடிச்சவ நான். அதுக்காக அதை நல்ல படம்னு சொல்லணுமா?"

பல்லி குறுக்கே வந்தது. "அசையாம உக்காந்திருந்தவன் ரத்தம் உனக்கு வசதியாப் போச்சு. அதான் டிரைவர் படத்தை இந்தத் தாங்கு தாங்குற."

"அந்த மூணு நாளும் நான் பட்டினி," என்றது மூட்டைப்பூச்சி. "கடிக்கணும்னு ஞாபகமே வரல."