தலைகீழாகப் புதைத்த போர்பன்

குழி காலியாக இருந்தது.

ராய்ஸ் பல்லார்ட் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தார். ஒரு மண்புழு நெளிந்தது, அவ்வளவுதான். மூன்று மணிக்கு இதே புல்வெளியில் மகளுக்குக் கல்யாணம். மேற்கே ஒரு கருமேகம் தலைகாட்டியதும் சந்தேகம் வந்து தோண்டியிருந்தார்.

அமெரிக்காவின் கென்டக்கியில் கல்யாணம் நடக்கும் இடத்தில் ஒரு மாதம் முன்பே முழு போர்பன் விஸ்கி பாட்டில் ஒன்றைத் தலைகீழாகப் புதைத்துவிட வேண்டும். அப்போதுதான் மழை வராது. கல்யாணம் முடிந்ததும் தோண்டி எடுத்துக் குடிக்கலாம். ராய்ஸ் ஏதோ கிடைத்ததைப் புதைக்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு சரக்காக நாக்கில் வைத்துப் பார்த்து, 'இதுதான் என் சரக்கு' என்று தேர்ந்தெடுத்த பழையது அது. பலனும் கைமேல் கிடைத்தது. புதைத்த நாளிலிருந்து ஒரு பொட்டு மழை இல்லை. அந்தத் தெம்பில், பந்தல் போடலாம் என்று சொன்ன மனைவி நதீனைக் கேலி பண்ணி வாயடைத்துவிட்டார்.

"மழை மட்டும் வந்துச்சு, நதீன் என்னை இதே குழியில புதைச்சிடுவா. அதுவும் தலைகீழா!" என்றார், விசாரிக்க வந்த ஷெரீப் ஹாட்சரிடம்.

"எந்தச் சரக்குய்யா?"

ராய்ஸ் பெயரைச் சொன்னார். ஷெரீப் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி, அதையா தூக்கிட்டானுங்க? எவன் எப்படிக் குடிப்பான்னு தெரிஞ்சா போதும், ஆளை அமுக்கிடலாம். ஒவ்வொருத்தனா வரச் சொல்லு."

முதலில் பெண்ணின் தாய்மாமன் வெர்ஜில் வந்தார்.

"ஊது."

வெர்ஜில் ஊதினார். ஷெரீப்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காலங்காத்தாலயேவா?"

"கல்யாண வீடுய்யா இது! என் வீட்டுச் சரக்கு, என் வாய்."

"எப்படிக் குடிப்பே?"

"ராவாத்தான். தண்ணி ஊத்துனா அது போர்பன் இல்ல, கஷாயம்."

"ரெண்டு சொட்டு தண்ணி விடணும்யா. அப்பத்தான் வாசனை எந்திரிக்கும்."

"தண்ணி விட அது என்ன ரோஜாச் செடியா? நீ ஷெரீப்பா, தோட்டக்காரனா?"

இந்தச் சண்டை ஓயவே வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் மேகம் இரண்டாகிவிட்டது.

அடுத்து மாப்பிள்ளை டேரல். பக்கத்து மாநிலமான ஒஹையோக்காரப் பையன். பாவம், பொய் சொல்லத் தெரியாதவன்.

"டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, மேல கோலா ஊத்தி..."

ராய்ஸ் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அந்தச் சரக்குலயுமா மாப்ளே?"

"எதுவா இருந்தா என்ன மாமா? எல்லாம் ஒண்ணுதானே?"

"ஷெரீப், திருட்டை விடு. முதல்ல இதுக்கு ஏதாவது சட்டம் இருக்கா பாரு!"

"இவன் எடுத்திருக்க மாட்டான், போகச் சொல்லு. அதைத் திருடவும் ஒரு ருசி வேணுமில்ல?" என்றார் ஷெரீப்.

கல்யாணத்தை நடத்திவைக்க வந்த பாஸ்டர் இலைஜா, வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருப்பவர், குறுக்கு வழியாக வயலில் நடந்து வந்து செருப்புத் தூசியைத் தட்டினார்.

"நானும் ஊதணுமா?"

ஊதினார். மோர் வாசனை வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடாத மனிதர்.

"அட, நீங்க போங்க பாஸ்டர். உங்களைச் சந்தேகப்பட்டா எனக்கு நரகம்தான்."

"எத்தனை ஞாயித்துக்கிழமை சொல்லியிருக்கேன், இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு! சாராய பாட்டில் போய் மழையை நிறுத்துமா?"

"பாஸ்டர், மழை வேணாம்னு ஒரு ஜெபமாவது பண்ணுங்க," என்று ராய்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டும் என்னால ஆகாதுப்பா ராய்ஸ்."

கொள்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

ஆக, மிச்சம் வெர்ஜில்தான். விருந்தை விட்டுவிட்டு ஜெயில்வரை போக ஷெரீப்புக்கும் மனமில்லை. விலங்கின் ஒரு முனையை வெர்ஜில் கையிலும் மறு முனையைத் தன் கையிலும் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா திருடன்? நான் எடுத்திருந்தா காலி பாட்டிலையாவது மரியாதையா திருப்பி வச்சிருப்பேன்யா!" வெர்ஜிலுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மூன்று மணிக்குப் பெண் வந்து நின்றாள். பாஸ்டர் வேதாகமத்தைத் திறந்தார். வானம் அப்படியே பொத்துக்கொண்டு கொட்டியது.

கேக் கரைந்து மேசையிலிருந்து வழிந்தது. நதீன் ராய்ஸைப் பார்த்தாள். ராய்ஸ் குழியைப் பார்த்தார், தண்ணீர் நிரம்பியிருந்தது. விலங்கு பூட்டிய இருவரும் ஓட வழியில்லாமல் ஒரே மேசைக்கடியில் புகுந்தார்கள். வெர்ஜில் இடுப்பிலிருந்த குப்பியை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி, கையை வெளியே நீட்டி மழையில் பிடித்தார்.

"இந்தா, நீ கேட்ட ரெண்டு சொட்டு தண்ணி. குடிச்சுத் தொலை!"

பாஸ்டர் ஒருவர்தான் குடை கொண்டுவந்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் நிதானமாக வாசித்து, முகம் கொள்ளாச் சிரிப்போடு கல்யாணத்தை முடித்துவைத்தார். விசுவாசி முகத்தில் என்ன தெளிவு பார், என்று நனைந்த ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மழை அடுத்த சில நாட்களும் விடாமல் அடித்து, சோளத்துக்கு இது போதும் என்று ஆனதும், பாஸ்டர் இலைஜா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சீல்கூட உடைக்காத அந்த பாட்டிலைத் தன் வயலோரத்தில் தலைகீழாகப் புதைத்தார்.