முதலில் கடிக்க வேண்டியவர்

மலையடிவாரக் குரங்குக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெரியாத பழம் கிடைத்தால் தலைவர்தான் முதலில் கடித்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அவருக்கு மேல்கிளை, நல்ல காற்று எல்லாம்.

போன கோடையில் பழைய தலைவர் ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். சடையன் என்ற குரங்கு குதித்து வந்து கத்தினான்: "தயங்கின அந்த நொடியே பதவி போச்சு! இதுல காரணம் வேற கேக்கணுமா?" கூட்டமே கிளையை உலுக்கி ஆமோதித்தது. சடையன் தலைவரானான்.

நேற்று ஒரு சிவப்புப் பழம் கிடைத்தது. சடையன் அதைக் கடிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு குட்டியிடம் நீட்டினான். தின்ற குட்டி சுருண்டு விழுந்தது. நல்லவேளை, வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொண்டது.

அதன் தாய் செவலை, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "தலைவரே, போன கோடையில நீங்க சொன்னதுதான். இறங்குங்க."

"அது வேற, இது வேற. அவர் பயந்தார். நான் யோசிச்சேன்."

"என் புள்ளைய கடிக்க விட்டுட்டு யோசிச்சீங்களாக்கும்?"

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு ஒரு தலைவரை இறக்கிட முடியுமா, தாயி? விசாரிக்கணும். சாட்சி வேணும். மழைக்காலம் முடியட்டும்."

செவலை குட்டியைத் தூக்கிக்கொண்டு தன் கிளைக்குப் போனாள். யாரும் சண்டை போடவில்லை.

இன்று காலை சடையன் கீழே இறங்கி, "கிளம்புங்க, ஆத்துப்பக்கம் போகலாம்" என்று குரல் கொடுத்தான். ஒரு குரங்கும் அசையவில்லை.

செவலை குட்டிக்குப் பேன் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க முன்னாடி போங்க, தலைவரே. விசாரணை முடிஞ்சதும் நாங்க வர்றோம்."