முள்ளெலி வழக்கு

விடிந்தால் விசாரணை. முந்தின நாள் மாலை, வழக்குப் போட்ட கம்பெனியின் வக்கீல் ரைமோ, வழக்கில் மாட்டிய யூசோவுக்குப் பக்கத்தில் பிறந்த மேனியாக உட்கார்ந்திருந்தார்.

தப்பாக நினைக்க வேண்டாம். அது ஹெல்சிங்கியின் பொதுச் சவுனா. அந்த நீராவி அறையில் எல்லோரும் அப்படித்தான். பேரைக் கேட்பதும் பிழைப்பைக் கேட்பதும் அங்கே அநாகரிகம்.

ரைமோவுக்கு அதில் ஒரே ஒரு குறை. காலணியைப் பார்த்து ஆளை எடைபோட்டுப் பழகியவர் அவர். இங்கே காலணிகள் எல்லாம் வெளியே கிடந்தன. போகட்டும், யூசோவின் புகைப்படம்தான் கோப்பிலேயே இருக்கிறதே.

மூன்றாவதாக, மேல் பலகையில் ஒரு பெரியவர். கம்பளித் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார். தூங்குகிறாரா, வேகிறாரா என்று தெரியவில்லை.

"அடுப்புக் கல்லுல தண்ணி ஊத்தி ஆவியைக் கிளப்பட்டுமா அண்ணே?" என்றான் யூசோ.

"வேணாம் தம்பி. இதுவே தோலை உரிக்குது."

"ஊத்தாம இருந்தா என்ன சவுனா? பஸ் ஸ்டாப்புல உக்காந்த மாதிரியில்ல இருக்கு!"

மேலிருந்து தொப்பி பேசியது. "ரெண்டு தரப்பையும் கேட்டாச்சு. அரைக் கரண்டி ஊத்துங்க."

அரைக் கரண்டி ஊற்றப்பட்டது. கல் ஒப்புக்குச் சீறியது. "எங்க ஊர்ல இன்னும் நல்லாச் சீறும்" என்றுவிட்டுத் தொப்பி அடங்கிப்போனது.

"முகம் தொங்கிப்போயிருக்கே, தம்பி. வீட்டுல சண்டையா?" ரைமோ தூண்டிலைப் போட்டார்.

யூசோ கொட்டித் தீர்த்தான். அவன் சுடுவது ரொட்டி. கடைக்குப் பேர் முள்ளெலி, பையில் முள்ளெலிப் படம். ஹர்மாலா என்கிற பெரிய பிஸ்கட் கம்பெனியின் டப்பாவிலும் ஒரு முள்ளெலி இருக்கிறது. எங்கள் முத்திரையைத் திருடிவிட்டாய் என்று கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்கள்.

"அவங்க டப்பாவைப் பாத்துத்தானே வரைஞ்சே?"

"என் தலையைப் பாத்து வரைஞ்சேன் அண்ணே. பள்ளிக்கூடத்துல எனக்கு அதான் பேரு. கடைசியில டீச்சரே அப்படித்தான் கூப்பிட்டாங்க."

ரைமோ நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வியர்வையிலும் அவன் முடி குத்திட்டு நின்றது. இந்தத் தலையைக் கோர்ட்டில் பார்த்தால் நீதிபதி சிரித்துவிடுவார். சிரித்துவிட்ட நீதிபதியிடம் வழக்கு நிற்காது. பேரத்தை இங்கேயே முடித்துவிடுவது நல்லது.

ரைமோ மேல் பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். தொப்பி அசையவில்லை.

"தம்பி, நான்தான் ஹர்மாலா வக்கீல்."

யூசோவின் கை தானாகத் துண்டைத் தேடியது. துண்டும் வெளியேதான் தொங்கியது.

"பதறாதே. உள்ளதைச் சொல்றேன். உன் முள்ளெலியால எங்க பிஸ்கட் ஒரு டப்பா கூட விக்காமப் போகலை. அது கம்பெனிக்கும் தெரியும்."

"அப்ப எதுக்குய்யா வழக்கு?"

"உன்னை விட்டா உன் பின்னால இன்னொருத்தன் வருவான். ஜெயிக்கணும்னுகூட இல்ல, இழுத்தாப் போதும். வாய்தா மேல வாய்தா வாங்குவேன். ரொட்டி சுட வேண்டிய நேரத்துல நீ கோர்ட் வராந்தாவுல உக்காந்திருப்பே. அடுப்பு தானா அணைஞ்சுடும்."

"நீதிபதி சும்மா இருப்பாரா?"

"புது ஆளு. இந்த வாரந்தான் வெளியூர்லேர்ந்து மாத்தலாகி வந்திருக்காரு. நான் குடுக்கிற காகிதத்தைப் படிச்சு முடிக்கவே அவருக்கு ஒரு குளிர்காலம் ஆகும். பேசாம கடைப் பேரை மாத்தறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடு, வழக்கை வாபஸ் வாங்கிடறோம்."

யூசோ அடுப்புக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்பத்தான் அண்ணே சனங்க கடை வாசல்ல வரிசையில நிக்க ஆரம்பிச்சிருக்காங்க. பேரை மாத்தினா எங்கேன்னு வந்து தேடுவாங்க?"

"நத்தைன்னு வை. நத்தையை இன்னும் எவனும் பதிவு பண்ணலை."

"ரொட்டிக் கடைக்கு நத்தையா?"

"மெதுவா வளரட்டுமே."

யூசோ கரண்டியை வாளிக்குள் போட்டான். பிறகு தலையை ஆட்டினான். "சரி. காலையில விசாரணைக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுடறேன்." முடி மட்டும் ஒத்துக்கொள்ளாமல் நின்றது.

ரைமோ உடை மாற்றும் அறைக்கு வந்து, நல்ல வியாபாரம் முடித்தவரின் நிதானத்தோடு துவட்டிக்கொண்டார். யூசோ ஒரு மூலையில் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தான்.

தொப்பிக்காரரும் வந்தார். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுத் தடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கறுப்புக் கோட்டுக்குள் நுழைந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து காலணியை எடுத்தார்.

பழக்க தோஷம், ரைமோவின் கண் அங்கே போனது. பழைய தோல், பளபளவென்று பாலிஷ். அரசாங்க உத்தியோகம், அதுவும் கொஞ்சம் மேல்மட்டம் என்று அவர் எடைபோட்டு முடிப்பதற்குள், பெரியவர் யூசோவிடம் திரும்பினார்.

"கையெழுத்து ஒண்ணும் போட்டுடாதே, தம்பி."

பிறகு நிதானமாகக் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே ரைமோவிடம் சொன்னார்:

"நாளைக்கு உங்க வழக்கை நான் விசாரிக்க முடியாது, வக்கீலய்யா. சாட்சி சொல்ல வரேன்."