கோதைக்குக் காட்டிய பதிவு

அமிர்தவல்லியின் சமையல் வலைப்பதிவு வருமானத்தில்தான் வீடு ஓடியது. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்றபடி பதிவை மாற்றிக் காட்ட, விளம்பர நிறுவனத்தின் மென்பொருளுக்கு அவள் அனுமதி கொடுத்திருந்தாள். காரம் ஆகாதவர்களுக்கு மிளகாயைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

தங்கை கோதை மூன்று வருடமாகப் பேசுவதில்லை. அக்காவின் போன் எண்ணைக்கூடத் தடுத்து வைத்திருந்தாள். ஆனால் பதிவுகளை விடாமல் படிக்கிறாள் என்று கோதையின் கணவர் சொல்லியிருந்தார். அதனால் அமிர்தவல்லி பதிவிலேயே எழுதினாள்: "கோதை, அன்னைக்குத் தப்பு என்மேலதான். வீட்டுக்கு வா."

மறுநாள் கோதையின் கணவர் அழைத்தார். "இப்படியா அக்கா எழுதுவீங்க? காலையிலேருந்து அழுதுட்டிருக்கா."

அவர் அனுப்பிய படத்தில் வேறு பதிவு இருந்தது: "அப்பா செத்ததே உன்னாலதான்." சண்டை போட்ட அன்று கோபத்தில் எழுதி, வெளியிடாமல் வலைப்பதிவின் வரைவுகளிலேயே விட்ட வரிகள் அவை.

அமிர்தவல்லி நிறுவனத்தை அழைத்துக் கத்தினாள்.

"நீங்க எழுதினதுதானே மேடம்? நாங்க எதையும் புதுசா சேர்க்கலையே. யாரை எது அதிக நேரம் படிக்க வைக்குமோ, அதைத்தான் மென்பொருள் காட்டும். இதை அவங்க நாற்பது நிமிஷம் படிச்சிருக்காங்க" என்றது பணிவான குரல்.

அன்றே கோதை இருக்கும் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள். வாசலில் நின்றபடி நடந்ததையெல்லாம் சொன்னாள். கோதை கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

"மெஷின் கதையெல்லாம் இருக்கட்டும். அந்த வரியை நீ எழுதினியா, இல்லையா?"

"எழுதினேன்" என்றாள் அமிர்தவல்லி.

கோதை கதவைச் சாத்திக்கொண்டாள்.