அவசரத்துக்கு ஓர் ஆள்

கண் ஆஸ்பத்திரியில் எனக்கு நாலு நாற்காலி தள்ளி எங்கள் தெரு சலூன்காரர் உட்கார்ந்திருந்தார்.

சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேடிக்கை கெட்டுப்போகும். எனக்கும் ஒரு கண்தான் ஒழுங்கு; மற்றதைக் காட்டத்தான் வந்திருந்தேன். வேடிக்கைக்கு அது போதும்.

அவருக்கு வலது கண்ணில் புரை. போன வாரம் பேங்க் மேனேஜரின் காது நுனியில் கத்தரி பட்டுவிட்டது. இன்றைக்கு ஆபரேஷன் ஆகாவிட்டால் கடைக்குப் பூட்டுதான்.

மேனேஜர் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்? நெஞ்சுவலி வந்து அவர் படுத்தபோது ஓடிப்போய் நின்றவர் சலூன்காரர்தானே. ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள' என்ற கட்டத்தில் மேனேஜர் எழுதியிருந்தது இவர் நம்பரை.

கிட்னியில் கல் வந்து வலியில் உருண்ட லேத் பட்டறைக்காரரும் அதே நம்பர். பாத்ரூமில் வழுக்கி விழுந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் அதே நம்பர். உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்'. ஒருவரும் அவரைக் கேட்டு எழுதவில்லை.

அவர்களைக் கேட்டால், மனைவியிடம் சொன்னால் அழுவாளாம். மகனிடம் சொன்னால் திட்டுவானாம். சிநேகிதனிடம் சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமாம். அந்த நாலு பேரில் முதல் ஆள் நான் என்பது வேறு விஷயம்.

எங்கள் தெரு ஆம்பிளைகள் கழுத்தில் துணி கட்டினால்தான் வாய் திறப்பார்கள். அதுவும் கண்ணாடியைப் பார்த்து. ஹெட்மாஸ்டருக்கு ஆறு மாதமாகத் தூக்கமில்லை என்று அந்தக் கண்ணாடிக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிறவன்.

நர்ஸ் ஃபாரத்தோடு சலூன்காரரிடம் வந்தாள்.

"கூட வந்தவங்க யாருங்க? ஆள் இல்லாம ஆபரேஷன் செய்ய மாட்டாங்க."

"அதுல நம்பர் எழுதியிருக்கேன்மா."

கழுத்தை நீட்டினேன். மனிதர் ஒண்டிக்கட்டை. இத்தனை பேருக்கு ஓடியவர் தனக்கென்று யாரை எழுதியிருப்பார்? மேனேஜரையா, லேத்துக்காரரையா? தெரியாமல் வீடு திரும்பினால் எனக்குச் சோறு இறங்காது.

நர்ஸ் நம்பரை அழுத்தினாள்.

சலூன்காரரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

கண்ணைத் திறக்காமலே எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க, யாருக்கு என்ன ஆச்சு? இதோ கிளம்பிட்டேன்."

கூடமே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான் என்பதால் நர்ஸ் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கூட வந்தவன்" என்றேன்.

கையிலிருந்த என் ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். அதிலும் அதே நம்பர்தான்.