நூற்று நான்காவது வாரம்

ஏழு தலை ஆமை திரையில் வந்ததும் தரை டிக்கெட் முழுக்க விசிலடித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆமைக்கு அடியில் ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன.

இந்தப் படம் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது அந்த ஆமைக்கு மட்டும் மூன்று வாரம். எங்கள் ஸ்க்ரூ கம்பெனியில் அந்த மூன்று வாரமும் டீ டயத்துக்கு வேறு பேச்சே கிடையாது. இங்கே மூன்று நிமிஷத்தில் சாகடித்துவிட்டார்கள், பாவிகள்.

வெள்ளைக் குதிரை செம்பட்டைக் குதிரை ஆகிவிட்டது. ஏரிக்கு அடியில் இருக்கிற நகரத்தில் மீன்கண் விளக்கு எரிய வேண்டும். நீலத் தாள் சுற்றிய ட்யூப்லைட் எரிகிறது. குவளை என்கிற ராணியை அங்கிருந்து கூட்டி வருகிற குள்ளக் கிழவனைக் காணவே காணோம். அவனுக்குப் பதிலாக இரண்டு காமெடியன்கள் ஒருத்தனை ஒருத்தன் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, ஊசிநூலில் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருக்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. படித்துவிட்டாவது படமெடுத்திருக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். நான் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நாலு வரிசை முன்னால் கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தாள்.

என் பெண்சாதி. எட்டு மாதமாக வல்லக்கோட்டையில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

சண்டை ஒன்றும் இல்லை. நான் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு வந்தேன். சோறு வடித்து மூடி வைத்திருந்தது. அவளுடைய டிரங்குப் பெட்டியைக் காணோம். இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். டீ கொடுத்தாள், வாய் திறக்கவில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு வரப்போகிறாள் என்று என் லைனில் வேலை செய்கிற டில்லிபாபு சொன்னான். அவனும் வல்லக்கோட்டைக்காரன்தான். ஓவர்டைமை விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

இடைவேளையில் மற்ற ஆம்பிளைகளெல்லாம் முறுக்குப் பொட்டலம் வாங்கி, சுவருக்கு மேலே கைநீட்டி அவரவர் வீட்டுப் பெண்களிடம் கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். கூப்பிட வாய் வரவில்லை. விளக்கு அணைந்ததும் நானே தின்று தீர்த்தேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண்பத்து மூன்றில், கல்யாணமான புதிதில், அந்தத் தொடரை வியாழக்கிழமைதோறும் நான்தான் வாசித்துக் காட்டினேன். நூற்று நான்கு வாரம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்காருவாள். கதையில் ராஜா தப்பு செய்தால் என்னை முறைப்பாள்.

கடைசி வாரத்தில் ராணி ராஜாவை விட்டுப் போய்விடுகிறாள், அவன் சொன்ன ஒரு பொய்க்காக. ஏரிப் படியில் இறங்குகிறாள். திரும்பிப் பார்ப்பதேயில்லை.

அதை நான் வாசிக்கவில்லை.

அந்த மாதம்தான் எங்களுக்கு ஏழு மாதக் குழந்தை வயிற்றிலேயே தவறியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வாசிப்பேன்? மூன்றாம் படியில் ராணி திரும்பினாள், ராஜாவை மன்னித்தாள், அரண்மனைக்கு வந்து விளக்கேற்றினாள் என்று நானாகவே சொல்லி முடித்தேன். கோவிந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இந்தக் கல்யாணத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அந்தத் தொடருக்கு அப்புறம் வந்ததெல்லாம் ஒரு கதையா? பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்தப் பொய் வெளுக்கப் போகிறது. அதுவும் போய்விட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைத் திரும்பக் கூப்பிடுவது? தனியாகப் பொங்கித் தின்று எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். இனியும் என்னால் முடியாது.

அதுவரை டைரக்டரைத் திட்டிக்கொண்டிருந்தவன், கடைசி ரீலில் அவனைக் கும்பிட ஆரம்பித்தேன். குதிரையை மாற்றினாயே மகராசா, கிழவனையே தூக்கினாயே, முடிவையும் மாற்றித் தொலையேன். ஊரே உன்னைத் திட்டட்டும், நான் ஒருத்தன் கைதட்டுகிறேன்.

ராணி ஏரிக்கரைக்கு வந்தாள்.

முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படி.

திரும்பவில்லை.

எழுதியிருந்தபடியே, ஓர் எழுத்து மாறாமல் எடுத்திருந்தான். என் பின்னால் ஒருவன் சபாஷ் சபாஷ் என்று கைதட்டினான். அவனை அறையலாம் போலிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் அண்ணன் மகள்களோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்த முடிவு வந்து, என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"அன்னிக்கே தெரியும்யா," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "பக்கத்தையே திருப்பாம அரமணி நேரம் படிச்சிக்கினு இருந்தியே, எனக்கு இன்னா கண்ணு இல்லியா?"

அப்புறம் என்னதான் கோபம் என்று கேட்டேன்.

"அத்தோட நிறுத்திட்டியே. பொய்யாவே படிச்சிக்கினு இருந்திருக்கலாம்ல? வூட்ல ஒரு பேச்சுக் கொரலாவது கேட்டிருக்கும்."

வல்லக்கோட்டை பஸ் வந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் விசில் கொடுத்ததும் ஏறிக்கொண்டாள்.